அடிக்குறிப்பில் அருளப்பன்

போன வாரம் எங்கள் கல்லூரி பிரின்சிபால், பௌதிக ஆசிரியனான என்னைக் கூப்பிட்டார். விண்வெளி ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றைச் சந்தா கட்டி வரவழைக்கிறோம். “இதை உலகத்தில் யாராவது மதிக்கிறார்களா? இதில் வந்த கட்டுரைகளை மற்ற பத்திரிகைகளில் மேற்கோள் காட்டுகிறார்களா? பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் நிறுத்திவிடலாம்” என்றார்.

மதுரையில் ஒரு லைப்ரரியில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பத்திரிகைகளின் அடிக்குறிப்புகளை மட்டும் மேய்ந்தேன்.

மதிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் யாரை? அருளப்பனை!

உங்களுக்கு அருளப்பனைத் தெரியாது. படிக்கிற காலத்தில் பௌதிக வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பாஸ் செய்ததும் போடியில் அப்பாவின் ஏலக்காய்க் கடைக்கே போய்விட்டான். மலைச்சரிவில் அவர்களுக்கு ஒரு ஏலத்தோட்டம் உண்டு. லீவுக்குப் போனால் இருவரும் அங்கே எரிநட்சத்திரம் பார்ப்போம். அதை வைத்து ஆளுக்கொரு கட்டுரை எழுதி, இதே பத்திரிகைக்கு அனுப்பினோம். இரண்டும் அச்சில் வந்தன. என்னுடையது நீளம், கணக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது. அவனுடையது ஒன்றரைப் பக்கம் — எரிநட்சத்திரம் நிறைய விழுந்தால், சில வாரத்தில் மலையில் மழை கொட்டுகிறது என்று!

புரட்டுகிற பத்திரிகையில் எல்லாம் அவன் பெயர். என் பெயர்? ஓர் இடத்தில்கூட இல்லை. வயிறு எரிந்தது. ‘நல்ல பத்திரிகை, நிறுத்த வேண்டாம்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் தோன்றியது... அடிக்குறிப்புக்கு மேலே என்னதான் எழுதியிருக்கிறார்கள்? மறுபடி போய்ப் படித்தேன். ‘இந்த முடிவு தவறு’ என்கிறார் ஒருவர். ‘வெறும் தற்செயல்’ என்கிறார் இன்னொருவர். மறுப்பதற்காகத்தான் அத்தனை பேரும் அவன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்! பெயரை எண்ணுகிறவனுக்குப் பாராட்டு எது, குட்டு எது என்று எப்படித் தெரியும்?

எவ்வளவு சந்தோஷம் எனக்கு! சனிக்கிழமையே போடி ரயிலில் ஏறிவிட்டேன். ஆறுதல் சொல்லத்தான் — என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடையில் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான்.

“வா மாப்ளே! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறே?”

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“தெரியுமே. அவுக சொல்றதுதான் சரி. ஒரே தோட்டத்து மழைய வச்சு எழுதிப்புட்டேன். இப்ப போடியிலயும் பக்கத்து ஊரு தேவாரத்துலயும் மழையை அளந்துக்கிட்டிருக்கேன். நான் சொன்னது தப்புன்னு நானே எழுதப்போறேன்.”

“சங்கடமா இல்லையா?”

“இல்லாம? ரெண்டு நாளு சோறு எறங்கலே. பெறகு, இம்புட்டுப் பேரு உக்காந்து படிச்சிருக்காகளேன்னு தோணுச்சு. அது கெடக்கட்டும்... ஒன் கட்டுரையப் பத்தி என்ன எழுதியிருக்காக?”

நான் ஏலக்காயைப் பார்த்தேன்.

“ஒண்ணும் எழுதலே.”

அவன் முகம் வாடியது. என்னுடையதைப் போலில்லை, நிஜமாகவே வாடியது.

“அதெப்படி மாப்ளே? ஒன் கணக்குதானே சுத்தமான கணக்கு! நான் இப்ப எழுதறதே அதை வச்சுத்தான். மொத அடிக்குறிப்பே ஒன் பேருதான். வெரசா முடிச்சு அனுப்பிடறேன், இரு.”

திரும்பி வரும்போது ரயிலில் யோசித்துப் பார்த்தேன். பொறாமை போய்விட்டதா? எங்கே! கூடியல்லவா இருந்தது! தப்பை ஒப்புக்கொள்வதில்கூட என்னை முந்திவிட்டானே...

பொறாமைப்படுகிறவன் அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டான்? எதிராளி கொஞ்சமாவது கெட்டவனாக இருந்து தொலைக்கக் கூடாதா!