கடைசி வயற்காரி முதலில் பேசட்டும்

நான் வட்டை விதானை. எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். அதற்குத் தண்ணீர் பங்கிடுவது, வேலி அடைக்கச் சொல்வது, வயலுக்குள் மாடு விட்டவரோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் விதானையின் பாடு. பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவனில்லை நான். கற்றதெல்லாம் ஆட்களின் வாயைப் பார்த்துத்தான். யாராவது ஒரு நல்ல பேச்சுப் பேசினால் அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே திரிவேன்.

சென்ற ஆண்டு என் மகளுக்கு வெளிநாட்டில் இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒரே நேரத்தில் இடம் கிடைத்தது. முதுமாணிப் படிப்பு, பொதுக் கொள்கை. இரண்டிலும் புலமைப்பரிசில் உண்டு. எந்த இடத்துக்கு வருகிறாள் என்று அந்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். ஒன்று பெரிய நகரத்தில். பெயரைச் சொன்னால் தேநீர்க் கடையிலும் தலையாட்டுவார்கள். மற்றது பனி கொட்டும் சிற்றூரில். எங்களில் ஒருவரும் கேள்விப்படாதது.

"பொதுக் கொள்கை எண்டா என்ன மகள்?" என்று கேட்டேன்.

"அரசாங்கம் ஒரு முடிவெடுத்தா அது ஆருக்கு வந்து சேருது, ஆரக் காய விடுது எண்டு பாக்கிற படிப்பு அப்பா."

"அட, அது நம்மட தண்ணிக் கூட்டமெல்லோ!"

அந்தச் சொல்தான் எனக்குத் தலைக்கேறியது. அதே வாரம் சிறுபோகப் பயிருக்கான கூட்டம். குளத்துக் கதவை எப்போது திறப்பது என்று அதிகாரிகளும் விவசாயிகளும் உட்கார்ந்து தீர்மானிக்கும் கூட்டம் அது. எங்கள் வட்டையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாய்க்காலின் கடைசி வயற்காரர்தான் முதலில் பேச வேண்டும். வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் வயல் உள்ளவருக்குத் தண்ணீர் எப்படியும் வந்துவிடும். கடைசி வயல் நனைந்தால்தான் திட்டம் சரி.

இப்போது கடைசி வயல் ஒரு பெண்ணுடையது. எழுந்தார். "கதவு திறக்கிற நாளச் சொல்லாதீங்க ஐயா. என்ட வரம்புக்குத் தண்ணி வாற நாளச் சொல்லுங்க" என்றார். அதிகாரிகளே சிரித்துவிட்டார்கள். கதவு திறப்பதைச் சில நாள் முன்னதாக வைத்தார்கள். பிரதேச செயலகத்தில் வேலை பார்ப்பதால் மகளும் அங்கே இருந்தாள்.

அதிகாரிகளின் வாகனம் போனது. தேநீரும் பணிசும் வந்தன. நிகழ்ச்சி நிரலில் "வேறு விடயங்கள்" மட்டும் மீதி. நான் எழுந்தேன்.

"நம்மட புள்ளைக்கு ரெண்டு இடம் கிடைச்சிருக்கு. எங்க அனுப்புறது? கூட்டம் சொல்லட்டும்."

"அப்பா, நான் என்ன குளத்துத் தண்ணியா?" என்று மகள் பின்வரிசையிலிருந்து கேட்டது காதில் விழுந்தது. அதற்குள், தலைப்பில் வயல் வைத்திருக்கும் பெரிய நிலக்காரரான போடியார் தொண்டையைச் செருமிவிட்டார்.

"பேர் போன இடத்துக்கு அனுப்பு விதானை. நாம வாய் நிறையச் சொல்லணும்."

"பனி ஊர் வேணாம். புள்ள வெறைச்சுப் போகும்" என்றார் ஒருவர்.

"கொள்கை படிக்கவா? இஞ்ச அது இல்லாமலே எலெக்‌ஷன் வெல்லுறாங்களே!" என்றார் இன்னொருவர். மண்டபம் அதிரச் சிரிப்பு.

கை தூக்கினார்கள். பெரிய நகரம் வென்றது. நெஞ்சு நிமிர்ந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வாவியோரத் தெருவில் பின்னால் இருந்த மகள் மெல்லக் கேட்டாள்.

"அப்பா, இண்டைக்கு வேறு விடயத்தில ஆர் முதல் பேசின?"

"போடியார்."

"நம்மட வட்டையில அதுவா வழக்கம்?"

மோட்டார் சைக்கிள் தானாக வேகம் குறைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் ஏற்கெனவே இரண்டு இடங்களுக்கும் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தாள்: உங்களிடம் ஆகக் கஷ்டப்பட்டுப் படித்த வெளிநாட்டு மாணவர் யார், அவரோடு நான் பேச முடியுமா? பெரிய இடம், நல்ல நிலைக்கு வந்தவர்களின் சிரித்த முகப் படங்களை அனுப்பியது. சின்ன இடம், பேசச் சம்மதித்த ஒரு பெண்ணின் தொலைபேசி இலக்கத்தை அனுப்பியது. எங்கோ மலை சூழ்ந்த ஒரு தூர நாட்டுக்காரி.

மறுநாள் பின்னேரம் இருவரும் பேசினார்கள். நானும் மனைவியும் குசினியில் இறால் உரித்தபடி காதை மட்டும் அறைக்குள் விட்டிருந்தோம். ஆங்கிலம் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு தரம் சிரிப்பு. பிறகு நெடுநேரம் சத்தமில்லை.

"அழுறாளோ?" என்றாள் மனைவி.

"இல்ல, கேக்கிறாள்."

மகள் வெளியே வந்து இறால் கோதுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் முதல் படிப்புத் தவணையில் புள்ளிவிபரவியல் பரீட்சையில் தோற்றுப்போனவளாம். ஊருக்குத் திரும்பப் பெட்டியும் கட்டினாளாம். ஏன் தோற்றாய் என்று துறையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். தூர நாடுகளிலிருந்து வருபவர்களுக்குத் தவணை தொடங்க முதலே கணித வகுப்பு வேண்டும் என்றாளாம். அடுத்த ஆண்டிலிருந்து அது நடக்கிறது.

"எனக்கும் கணக்கெண்டாப் பயம்தான் அப்பா. அங்க நான்தான் கடைசி வயற்காரி. அந்த வாய்க்கால்ல கடைசி வயலுக்குத் தண்ணி வந்திருக்கு."

"அப்ப வெறைக்காதாமா?" என்றாள் தாய்.

"வெறைக்கும் அம்மா. அதையும் மறைக்காமச் சொன்னவ."

வெள்ளிக்கிழமை வரை அவள் காத்திருக்கவில்லை. சின்ன ஊருக்கே வருகிறேன் என்று அன்றே பதில் போட்டாள்.

"கூட்டத் தீர்மானம் என்னாகிற?" என்றேன்.

"அடுத்த கூட்டத்தில திருத்துங்க விதானையார்."

பெற்ற பிள்ளை விதானையார் என்று கூப்பிட்டால் கோபம் வர வேண்டும். எனக்கு என்னவோ பட்டம் கிடைத்தது போல இருந்தது. எத்தனை போகம் அந்த வழக்கத்தை நடத்தியிருக்கிறேன். அதைக் கடல் தாண்டி நீட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது.

கதிர் தள்ளும் காலத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பேச மறுபடி கூடினோம். வேறு விடயங்கள் வந்ததும் திருத்தத்தைச் சொன்னேன்.

"அந்த இடத்தின்ட பேர ஒருத்தரும் கேள்விப்படல்லையே விதானை?" என்றார் போடியார்.

நான் கடைசி வயற்காரியைப் பார்த்துக் கை காட்டினேன், முதலில் பேசும்படி.

"என்ட வயலின்ட பேரையும்தான் ஆரும் கேள்விப்படல்ல போடியார்" என்றார் அவர். "இந்த முற போய்க் கதிரப் பாருங்க."