குடல் பேசத் தொடங்கிய காலை

திருமணமான இரண்டாம் வருடம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்த சற்று நேரத்தில், வலப்பக்க அடிவயிற்றில் ஏதோ முறுக்கிப் பிழிந்தது. தொடர்ந்து வாந்தி. மாமியார் என் முகத்தைத் துடைத்துவிட்டு வாயில் சர்க்கரை போட்டார்.

"வயித்துல புள்ள தங்கியிருக்கு. படுத்துக்கம்மா."

அன்று வீடே சந்தோஷமாக இருந்தது. அது ஐம்பதுகளின் தொடக்கம்.

பிள்ளை இல்லை. வலிதான் தங்கியது.

என் கணவர் காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டி வைத்திருந்தார். ஜீயபுரத்திலிருந்து வரும் தார்களில் நன்றாகக் கனிந்த பூவன் சீப்பு ஒன்றை எனக்கென்று எடுத்து வருவார். பல நாட்கள் அதுதான் என் உணவு.

நான் மெலிந்ததையும் மாலைக் காய்ச்சலையும் பார்த்த டாக்டர் ஒருவர், குடலில் காசநோய் என்றார். மாதக்கணக்கில் ஊசி. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மாமியார் கெட்டவர் அல்ல, பயந்தார். என் கணவர் மட்டும் வேண்டுமென்றே என் தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்.

"ஒட்டிக்கும்டா!" என்று அவர் அம்மா கத்துவார்.

"ஒட்டட்டும்மா. ரெண்டு பேரும் சேர்ந்தே ஊசி போட்டுக்கிறோம்."

எந்த ஊசிக்கும் வலி கேட்கவில்லை. பிறகு திருச்சியில் வேறொரு டாக்டர், வெள்ளைக் கூழ் போன்ற பேரியத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். "அம்மா, இது டி.பி. மாதிரி தெரியல. யாருக்கும் ஒட்டாது. ஆனா முழுசா போகவும் போகாது. கூட வச்சுக்கிட்டே வாழணும்," என்றார். குரோன் நோய் (குடல் சுவர் அடிக்கடி புண்ணாகித் தடித்துப்போகும் நீண்டநாள் நோய்) என்று பெயர் சொன்னார்.

ஸ்டீராய்டு மாத்திரையில் (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) என் முகம் உப்பியது. ஆனாலும் அடுத்த சில வருடங்களைத்தான் இன்று அதிகம் நினைத்துக்கொள்கிறேன். திருச்சியில் தெப்பக்குளம் பக்கம் மாலையில் போய்விட்டு பஸ்ஸில் திரும்புவோம். காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னலில் காற்று அறையும். "பசிக்குதுங்க," என்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் வலியின் குணம் மாறியது. அதுவரை வந்து போன வலி, போகாமல் நின்றது. மலம் கறுத்தது. வயிறு உப்பி, தண்ணீர்கூட இறங்கவில்லை. பழைய நோய்தானே என்று பொறுத்திருந்தேன். இதே நோயோடு இதைப் படிப்பவர்கள் அப்படிப் பொறுக்க வேண்டாம். பழகிய வலி புது மாதிரி நடந்துகொண்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடைப்பு என்று வயிற்றைத் திறந்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பல வருடங்களாகப் புண்ணாகிக் கிடந்த இடத்தில் புற்று வைத்திருந்தது. அதை வெட்டி எடுத்து, மீதிக் குடலை இணைத்தார்கள். இந்த நோயில் அபூர்வமாக இப்படி நேர்வதுண்டாம். டாக்டர் என் கணவரிடம் மட்டும் சொன்னார். அந்தக் கால வழக்கம். அவர் கட்டிலருகில் வந்து மண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கேன்சரா?"

என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "எடுத்தாச்சு," என்றார்.

இல்லை என்று அவர் பொய் சொல்லியிருக்கலாம்.

அறுவைசிகிச்சைக்குப் பின் குடல் சில நாட்கள் அசையாமல் கிடக்கும். அது விழிக்கும்வரை வாயில் எதுவும் கிடையாது. டாக்டர் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார், இன்னும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒருநாள் காலையில் நிமிர்ந்து சிரித்தார்.

"குடல் பேசுதும்மா."

அன்று மத்தியானம் காற்றுப் பிரிந்தது. என் கணவர் வராந்தாவுக்கு ஓடி, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். குழந்தை பிறந்த வீட்டுக்காரர்கூட அவரிடம் தோற்றுப்போவார்.

இனி எத்தனை காலம் என்று யாரும் சொல்லவில்லை. வீடு திரும்பியபின், நான் சாப்பிட்டு முடித்ததும் அவர் எதிரே உட்கார்ந்துகொள்வார். வலிக்கிறதா என்று கேட்கமாட்டார், முகத்தையே பார்த்திருப்பார். அரைமணி கழிந்ததும் "சரி" என்று எழுந்து மண்டிக்குப் போவார். வருடம், மாதம் எல்லாம் எனக்கு மறந்துபோய், ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாடு வரைக்கும்தான் காலம் என்றாயிற்று.

அப்படியே நீண்ட என் ஆயுள் அவருடையதையும் தாண்டிவிட்டது. இன்றும் சாப்பிட்டதும் அந்த அரைமணி உட்கார்ந்திருக்கிறேன். வலி வருவதில்லை. எழுந்திருக்கத்தான் மனம் வருவதில்லை.