நூற்றுப் பத்து யார் குறைந்த மைல்

1. செயின் பிடித்தவன்

வெள்ளவத்தையில் கடலோரம், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன மைதானத்தில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாம் உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைத் தராசில் நிறுத்தேன், கொட்டாஞ்சேனையில் மூட்டை தூக்கினேன், சர்வேக்காரருடன் எட்டு மாதம் வன்னிக் காட்டில் செயின் இழுத்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மைதான வேலைக்கு இப்போது வருகிற இளைஞர்கள் என்னைப்போல் செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள், மைதானத்தை நடத்திய கிளப்பின் செயலாளர் ஹமீது என்னை மேலும் கீழும் பார்த்தார். கோட்டைப் பகுதியில் துணிக்கடை வைத்திருந்தவர்.

“சர்வேல செயின் புடிச்ச ஆளா? அப்ப ஒங்களுக்கு அளவு தெரியும். மைலுக்கு அஞ்சு ரவுண்ட் வாற மாதிரி ஓடுறதுக்கு ஒரு டிராக் போட்டுத் தாங்க” என்றார்.

தெரியும் என்று சொன்னேன். காட்டில் நான் செய்தது செயினின் முன்நுனியை இழுத்தது மட்டும். எண்ணிக்கை, மேற்பார்த்த ஓவசியரின் வேலை. அதை ஹமீதிடம் சொன்னால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

செயின் என்பது இருபத்திரண்டு யார், அதாவது இருபத்திரண்டு கெஜம், நீளமான இரும்புச் சங்கிலி. எண்பது செயின் ஒரு மைல். ஐந்து சுற்றென்றால் சுற்றுக்குப் பதினாறு செயின். ஒவ்வொரு செயின் முடிவிலும் ஒரு கம்பி ஊன்ற வேண்டும். இரண்டு பேர் செய்கிற வேலை இது. நான் ஒருவனாகவே செயினின் ஒரு நுனியை ஆணியில் மாட்டிவிட்டு இழுத்தேன். பத்துச் செயின் முடிந்தபோது சுண்ணாம்பு வந்திருக்கிறது என்று ஹமீது கூப்பிட்டார். மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து, பதினொன்று முடிந்தது என்ற நினைப்பில் பன்னிரண்டிலிருந்து எண்ணினேன். பதினாறில் முடியும்படி வளைவை உள்ளே இழுத்துக் கோடு போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2. எண்ணெயும் மூச்சும்

ஓட வந்தவர்கள் அநேகமாகக் கோட்டையில் வேலை பார்த்த கிளார்க்குகள். விடிய ஐந்தரைக்கு ஒரு தரம், கந்தோர் விட்டபின் ஒரு தரம் ஓடுவார்கள். நாள் முழுக்கக் கதிரையில் இருந்த உடம்பு கான்வஸ் சப்பாத்தோடு திடீரென்று ஓடினால் என்ன ஆகும்? முதல் கிழமை கணைக்கால் எலும்பு நோகும். இரண்டாம் கிழமை கெண்டைக்கால் பிடிக்கும். விலாவைப் பொத்திக்கொண்டு புல்லில் குந்துவார்கள். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயால் கால்களைத் தேய்த்து விடுவதும் என் வேலை.

“கதிரவேலு, என்னை ஓட விடப் போறியோ, தாளிக்கப் போறியோ?” என்று ஒருவர் கேட்க மற்றவர்கள் சிரிப்பார்கள்.

நவரத்தினம் சிரிக்க மாட்டார். அவருக்கு எப்போதும் மூச்சில்தான் கவனம். யாழ்ப்பாணத்துக்காரர், இறக்குமதிக் கம்பெனி ஒன்றில் கிளார்க். வேறு நான்கு பேரோடு வாடகை வீடொன்றில் இருந்தார். சின்ன வயதில் தொய்வு என்கிற மூச்சிழுப்பு இருந்ததாம். மாரியில் தலையணையை நிமிர்த்தி வைத்து இருந்தபடியே நித்திரை கொண்ட பிள்ளை. நான்கு வருஷமாக இழுப்பு வரவில்லை. ஆனால் கதை நிற்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்ணைப் பேசினார்கள். பெண்ணுக்கும் இவரைப் பிடித்திருந்தது. தகப்பன் ஓய்வு பெற்ற தபால் அதிபர். மாப்பிள்ளைக்குத் தொய்வாம் என்று யாரோ அவர் காதில் போட, பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

கம்பெனிகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குத் தபால் அதிபரை அழைத்திருப்பதாக நவரத்தினம் என்னிடம் மட்டும் சொன்னார். தான் ஒரு மைல் ஓடுவதை அவர் கண்ணாலே பார்க்க வேண்டும்.

“முதலாவதா வர வேணுமெண்டில்லை. நடக்காமல், இழுக்காமல் முடிச்சாப் போதும்” என்றார்.

நான்கு மாதம் பாடுபட்டார். முதலில் இரண்டு சுற்றுக்கு மேல் முடியவில்லை. நெஞ்சு விசிலடிக்கும், வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். பிறகு மூன்று, நான்கு, ஐந்து. கூட இருந்தவர்கள் மணிக்கூடு பிடித்து ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் சொன்னார்கள். அந்த நேரத்தை வைத்து எந்த வேகத்தில் போனால் ஒரு மைல் தாங்கும் என்று கணக்குப் பண்ணி, அந்த வேகத்தையே காலுக்குப் பழக்கினார்.

3. பதினைந்து

போட்டிக்கு மூன்று கிழமை இருக்க, பெருமழை பெய்து கோடு அழிந்தது. மைதானத்தில் புல் வெட்டிய தோட்டக்காரனை மறுநுனி பிடிக்கச் சொல்லி மறுபடி அளந்தேன். கம்பிகளை எண்ணினான். பதினைந்து என்றான். திட்டிவிட்டுத் திரும்பவும் அளந்தேன். பதினைந்துதான். சுற்றுக்கு ஒரு செயின் குறைவு. ஐந்து சுற்றுக்கு நூற்றுப் பத்து யார்.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். அன்று மாலைதான் ஹமீது என்னை நிரந்தரமாக்குவதாகவும் சாமான் அறையில் படுக்க இடம் தருவதாகவும் சொன்னார். அன்று மாலைதான் நவரத்தினம் தன் மிக நல்ல நேரத்தை ஓடி, வியர்வைக் கையால் என் கையைப் பிடித்து, இழுப்பே வரவில்லை என்றார். நூற்றுப் பத்து யார் என்ன பெரிய தூரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுற்றைச் சரியாக்கினால் எல்லோருடைய நேரமும் கூடும், என் பிழை வெளியே வரும். அழிந்த கோட்டின் மேலேயே சுண்ணாம்பைக் கொட்டினேன்.

4. போட்டி

போட்டி பெரிய மைதானத்தில் நடந்தது. அங்கே மைலுக்கு நான்கு சுற்று. அளவில் பிழை இல்லை. எண்ணெய்ப் போத்தலோடு நான் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். தபால் அதிபர் பார்வையாளர் வாங்குப் பலகையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டு, மடியில் குடை.

நவரத்தினம் பழகிய வேகத்தில் ஓடினார். மூன்று சுற்று இரண்டாம் ஆளாகவே போனார். கடைசி வளைவில் திரும்பி நேர்ப்பாதைக்கு வந்ததும் தோள் ஏறி இறங்கத் தொடங்கியது. மிச்சம் இருந்தது சுமார் நூற்றுப் பத்து யார். அந்த வேகத்தில் அவர் ஒருநாளும் ஓடிப் பார்க்காத தூரம் அது. வாய் திறந்தது, காற்று உள்ளே போகவில்லை. இழுப்புச் சத்தம் கயிற்றடியில் நின்ற எனக்குக் கேட்டது, வாங்கிலும் கேட்டிருக்கும். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கடந்து போக, முழங்காலில் கை ஊன்றி நின்றார், பிறகு நடந்தார். நடந்தே கோட்டைத் தாண்டினார்.

தபால் அதிபர் எழுந்து போய்விட்டார்.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் ரயிலில் நவரத்தினத்தை யன்னலோரம் இருத்தினேன். பம்பலப்பிட்டி வந்தபிறகுதான் பேச்சு வந்தது.

“என்ர நெஞ்சு என்னை ஏமாத்திப் போட்டுது, கதிரவேலு. எங்கட கிரவுண்டில ஐஞ்சு சுத்து ஓடினனே. நீரும் பாத்தனீர்தானே?”

“ஓம் ஐயா. இண்டைக்குக் காத்துச் சரியில்லை” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் பல. இதைப்போல் என்னைச் சுடுவது ஒன்றுமில்லை.

5. சொன்னது

பெண்ணுக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தது. நவரத்தினம் ஓடுவதை விட்டார். சப்பாத்தை மைதானத்துச் சாமான் அறையில் விட்டுவிட்டுப் போனார். ஒரு ஞாயிறு நான் வளைவை வெளியே தள்ளிச் சுற்றைப் பதினாறு செயினாக்கினேன். எல்லோருடைய நேரமும் கூடியது. புல் ஈரம் என்றேன், நம்பினார்கள்.

ஐந்தாம் மாதம் தாங்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போனேன். முன் விறாந்தையில் சேர்ட் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு, எவ்வளவு குறைவு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பென்சில் எடுத்துப் பழைய கடித உறையில் கணக்குப் போட்டார்.

“மழை பெய்த கிழமையே சொல்லியிருந்தா நான் மெதுவா ஓடியிருப்பன். கடைசியா வந்திருந்தாலும் ஓடியே வந்திருப்பன்” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த சேர்ட்டை எடுத்து விரித்தார்.

அங்கிருந்து நேரே ஹமீதின் கடைக்குப் போய் அவரிடமும் சொல்லிவிட்டு, சாமான் அறைப் பூட்டின் திறப்பைக் கொடுத்தேன். அவர் போகச் சொல்லவில்லை. நான்தான் அந்த மைதானத்தில் மறுபடி கால் வைக்க முடியாமல் போனேன்.

மைதானத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செயினை இரண்டு பேராக இழுங்கள், கம்பிகளைக் கையில் எடுத்து எண்ணுங்கள். அளவு பிழைத்தால் அன்றைக்கே ஓடுகிறவரிடம் சொல்லுங்கள். உங்கள் கோட்டை நம்பித்தான் ஒருவர் தன் மூச்சை அளந்து செலவழிக்கிறார்.