புகையில்லாத ஊரில் ஒரு வீடு

பத்தமடையிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊருக்குள் திரும்புகிற இடத்தில் 'புகையில்லா ஊர் உங்களை வரவேற்கிறது' என்று ஒரு பலகை இன்னும் நிற்கிறது. அதற்கு வண்ணம் அடித்த நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கோஷம் போட்டவள் நான். இன்றைக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. பலகை மேல் என்ன கோபம் என்று கேட்டால், என் அத்தையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்சம்மா ஊர்க்கூட்டத்துக்கு வந்தார். டீக்கடை, பஸ் நிற்கிற இடம், கோயில் முற்றம், தெரு எங்கேயும் பீடி குடிக்கக் கூடாது. குடிக்கிறவர் விடுகிற புகை பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது என்றார். எங்கள் ஊர் ஆண்கள் லேசில் தலையாட்டுகிறவர்கள் இல்லை. அன்றைக்கு முதலில் எழுந்து "சரிதாம்மா" என்றவர் என் மாமா. அப்பாவின் அக்காவைக் கட்டியவர். எங்களுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். சுடலைமாடன் கோயிலுக்கு அவர்தான் சாமியாடி என்பதால் அவர் சொன்ன பிறகு மறுபேச்சு எழவில்லை. அன்றே அது ஊர்க் கட்டுப்பாடு ஆகிவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. வருசா வருசம் கோயிலில் நடக்கிற கொடைத் திருவிழாவில் சுடலைக்குச் சுருட்டு படைக்க வேண்டும். மாமா மேல் இறங்கியதும் சாமி அதைப் பற்றவைத்துக் குடிக்கும். "மனுசனை நிப்பாட்டிருதோம்மா. சாமியை எப்படி நிப்பாட்ட?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நர்சம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, சாமியை விட்டுவிடலாம் என்றார். கூட்டம் சந்தோஷமாகக் கலைந்தது.

கட்டுப்பாட்டை மாமா காத்தது போல வேறு யாரும் காக்கவில்லை. டீக்கடை பெஞ்சிலும் வாய்க்கால் பாலத்திலும் உட்கார்ந்து ஊதித் தள்ளியவர், வயலிலிருந்து வந்ததும் நேரே வீட்டுக்குள் போய்விடுவார். புறவாசலில் குடிக்கலாம் என்றால் அது பால்வாடியை ஒட்டி இருந்தது. அதனால் வாசல் கதவு, புறவாசல் கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, நடுவீட்டில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைப்பார். தெருவுக்கு ஒரு இழை புகை வராது. ஊரே அவரை மெச்சியது.

ஒரு நாள் அம்மா கொடுத்தனுப்பிய குழம்போடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஈரவிறகு வைத்த அடுப்பங்கரை மாதிரி வீடு முழுக்கப் புகை. கண் கரித்தது. மாமா பதறி எழுந்து, "ஏட்டி, உள்ள வராத. பிள்ளையளுக்கு ஆகாது, வெளிய ஓடு" என்று என்னை விரட்டினார். எவ்வளவு நல்ல மாமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் வெளியே ஓடச் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் அத்தைக்கு இருமல் பிடித்தது. மழை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அம்மா சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள். மழை விட்டது, பனியும் விட்டது, இருமல் மட்டும் விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மாமாவோடு மல்லுக்கு நிற்பதும் எங்களுக்குக் கேட்கும்.

"வெளிய போயிக் குடிச்சா என்னவாம்?"

"ஊர்க் கட்டுப்பாடு இருக்குல்லா? சாமியாடியே மீறுனா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"அப்பம் விட்டுத் தொலைங்க."

"விடுதேன், விடுதேன்."

விடத்தான் பார்த்தார், பாவம். கொஞ்ச நாள் சீரகத்தை மென்றுகொண்டு, எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டு திரிந்தார். பிறகு மறுபடியும் கதவுகள் சாத்திக்கொண்டன.

சித்திரையில் கொடை வந்தது. மதியப் பூசையில் மாமா மேல் சாமி இறங்கியது. கையில் வேல்கம்பு, வாயில் சுருட்டு. பெண்கள் ஒவ்வொருத்தராகப் போய்க் குறி கேட்டார்கள். சாமியாடியின் மனைவி குறி கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அன்றைக்கு அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சாமி முன்னால் நின்றாள்.

"ஐயா, உன் பிள்ளை வீட்டுக்குள்ளயே உக்காந்து பீடி குடிக்காரு. பழையபடி டீக்கடையில போயிக் குடிக்கச் சொல்லு. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்காரு. நீ சொன்னாக் கேப்பாரு."

கூட்டம் சிரித்தது. "ஊரே சேந்து நிப்பாட்டி வச்சிருக்கு, இவ என்னன்னா புருசனைத் தெருவுல குடிக்கச் சொல்லுதா" என்று என் பின்னால் ஒருத்தி சொன்னாள். கோஷம் போட்ட எனக்கு மானமே போயிற்று. சாமி அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றது. சுருட்டின் நுனியில் சாம்பல் நீண்டது.

"ஊரு கட்டுனதை நான் அவுக்கலாமாம்மா?"

நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, சாமி அடுத்த ஆளிடம் போய்விட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். சாமியே நம் பக்கம் என்று எனக்குச் சந்தோஷம்.

நான் கல்லூரியில் படிக்கும்போது, படுத்தால் மூச்சு விட முடியாமல் அத்தை உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்திருந்தாள். பாளையங்கோட்டையில் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருசமாம்மா பீடி குடிக்கீங்க?" என்று கேட்டார். அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாமல் இருமினாள். வெளியே வந்ததும் மாமா அவள் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்குக் கொடையில நீ கேட்டப்பமே நான் கேட்டிருக்கணும்" என்றார். சாமி இறங்கியிருக்கும்போது நடந்தது எதுவும் சாமியாடிக்கு நினைவிருக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதற்குப் பிறகு மாமா பீடியையும் தொடவில்லை, சாமியும் ஆடவில்லை. அடுத்த கொடைக்கு அத்தை இல்லை.

எனக்கு மறக்காமல் இருப்பது அத்தை குறி கேட்ட அந்தக் கொடை நாளின் சாயங்காலம்தான். நான் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். அத்தை தன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது. "உள்ள போகலையா அத்தை?" என்று கேட்டேன்.

"இப்படிப் பைய இருந்துட்டுப் போறேன்ட்டி" என்றாள்.

எல்லோர் முன்னாலும் சாமி மறுத்துவிட்ட வெட்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக வேண்டும் என்றுகூடத் தோன்றியது. புகையில்லாத எங்கள் தெருவில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ள வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.