சித்திரை வீதி திருப்பத்தில் எரிந்த விளக்கு

சவரிராயனின் கார் ஷெட் மன்னார்புரத்தில், மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்தது. ஷெட்டின் பின்சுவரை ஒட்டியே வீடு. அடுப்படியில் நின்றால் ஷெட்டில் நடக்கும் பேச்சு முழுவதும் காதில் விழும். அமலராணி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து லாரி டிரைவர்களின் ஏச்சையும் டாக்ஸிக்காரர்களின் பேரத்தையும் கேட்டுக்கொண்டேதான் சமைத்தாள். எழுபத்தொன்பதாம் வருடம், ஒரு காலை வேளையில், முதல் முறையாக அங்கே ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"மேஸ்திரி இருக்காரா? வண்டில செவப்பா ஒரு விளக்கு எரியறது. பயமா இருக்கு."

அமலராணி கரண்டியைக் கீழே வைத்தாள். பயமாக இருக்கிறது என்பதை ஒரு பெண் இத்தனை இனிமையாகச் சொல்ல முடியுமா?

வந்தவள் கமலவல்லி. ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் மாமியாரோடு இருப்பவள். கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். அவர் விட்டுப்போன வெண்ணெய் நிற ஃபியட்டைத் தானே ஓட்டிக்கொண்டு காலேஜுக்குப் பாடம் நடத்தப் போவாள். பெண்பிள்ளை கார் ஓட்டுகிறாள் என்று பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்த காலம் அது.

"இது என்ஜின் ஆயில் விளக்கு டீச்சரம்மா. எண்ணெய் சரியா சுத்தலன்னா எரியும். மனுசனுக்கு நெஞ்சு வலி வர்ற மாதிரி. எரிஞ்சா ஒரு அடி நகத்தக் கூடாது" என்றான் சவரிராயன்.

"தேங்க்ஸ் மேஸ்திரி. நல்ல வேளை, நீங்க இருக்கேள்."

எண்ணெய் கீழே கசிந்து குறைந்திருந்தது. வண்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னான். அன்று இரவு சாப்பிடும்போது ரசம் ஊற்றிய மனைவியைப் பார்த்து "தேங்க்ஸ்" என்றான்.

அமலராணி ஊற்றிய ரசம் இலைக்கு வெளியே வழிந்தது. எத்தனை வருடமாக ரசம் ஊற்றுகிறாள். இந்த வார்த்தை இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் அவன் கசிவை அடைக்கும் கேஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். ஃபியட் பானட்டைத் தூக்கியபடி தனியாக நின்றது. அமலராணி தன் செபமாலையோடு சேர்த்து வைத்திருந்த வேளாங்கண்ணி மாதா சுரூபத்தை எடுத்து வந்தாள். விரல் நக அளவே உள்ள பித்தளைத் தகடு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் கழுத்தில் கட்டுவார்கள். வெளியூர் போகிறவர் சட்டைப்பையில் போட்டு அனுப்புவார்கள். சீட்டில் வைத்தால் டீச்சர் பார்த்துவிடுவாள். அதனால் என்ஜினுக்குள் கைவிட்டு, அழுக்கு அப்பிய ஒரு குமிழிலிருந்து கிளம்பும் ஒற்றை ஒயரின் உறை இல்லாத முனையில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கமாக நூலால் கட்டித் தொங்கவிட்டாள்.

"மாதாவே, இந்த வண்டி இனிமே என் வாசல மிதிக்கக் கூடாது. அவரும் இது பக்கம் போகக் கூடாது" என்று வேண்டிக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

சவரிராயன் வந்து கசிவை அடைத்துப் புது எண்ணெய் ஊற்றினான். விளக்கு அணைந்தது. கமலவல்லி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வேண்டுதல் பலித்துவிட்டது என்று அமலராணி நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த நாளே எதிர் மளிகைக் கடைக்கு ஃபோன் வந்தது. ஸ்ரீரங்கத்தில் மறுபடியும் விளக்கு எரிகிறதாம். எரிந்தால் நகர்த்தக் கூடாது என்று சொன்னவனே சவரிராயன்தான். அதனால் வண்டி வராது, அவன்தான் போக வேண்டும். முகம் கழுவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். திரும்பி வந்தபோது அவன் மேல் காபி வாசம் அடித்தது.

"சாப்பாடு போடவா?"

"கொஞ்சமா போடு. டீச்சரம்மா வீட்டுல பட்சணம் குடுத்தாங்க."

தட்டு சத்தமாகக் கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு ஃபோன் நிற்கவில்லை. அவன் போய்ப் பார்த்தால் விளக்கு எரியாது. எண்ணெய் அளவாக இருக்கும். அவன் திரும்பி வந்ததும் மறுபடி எரியும். அமலராணிக்கு அந்த விளக்கின் மேலேயே சந்தேகம் வந்தது. அது உண்மையில் எரிகிறதா, அல்லது அந்தக் குரல் எரியவைக்கிறதா?

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு மயிலம்மாள் வந்தாள். ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"அமலம், உன் வீட்டுக்காரருக்குக் கொடுப்பினதான். பெருமாள் தேர்ல சுத்துற சித்திரை வீதில இவரு ஃபியட்டுல சுத்துறாரு. நான் நிக்கிறப்பவே ரெண்டு தடவ வந்துட்டாரு. கற்பூரம் காட்டலாம்னு பாத்தேன், கையில இல்ல."

"வண்டி ஓட்டிப் பாக்குறாருக்கா."

"அந்தம்மால்ல ஓட்டுது. இவரு பக்கத்துல உக்காந்து எதையோ உத்துப் பாத்துக்கிட்டே வர்றாரு."

அமலராணி அடுப்பில் தண்ணீரைக் கொட்டி அணைத்தாள். ஜங்ஷனுக்கு நடந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தாள். காவிரிப் பாலம் வந்தபோது எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவள் கண்ணுக்குத் தண்ணீர் தெரியவில்லை. இன்று கேட்டுவிட வேண்டும். நான் வேண்டுமா, அந்தக் குரல் வேண்டுமா என்று நடுவீதியில் நின்று கேட்டுவிட வேண்டும்.

கீழச் சித்திரை வீதி முனையில் அவள் இறங்கி நடந்தபோது எதிரே ஃபியட் வந்து நின்றது.

"ராணி, நீ எங்க இங்க?" என்றான் சவரிராயன்.

"நீங்கதான் அமலராணியா? இவர் பேச்சுக்குப் பேச்சு ராணி, ராணிம்பார். வாங்கோ, ஏறிக்கோங்கோ, வெயில்ல நிக்காதேங்கோ" என்றாள் கமலவல்லி.

நடுவீதியில் கேட்க நினைத்ததைக் கேட்காமலே அமலராணி பின்சீட்டில் ஏறினாள். முன்னால் இரண்டு தலைகள். இடையில் எவ்வளவு இடைவெளி என்று கண்ணாலேயே அளந்தாள். கோயிலைச் சுற்றுகிறவர்கள் போல கமலவல்லி வலமாகவே ஓட்டினாள். ஒவ்வொரு முனையிலும் வலப்பக்கம் திரும்பும்போது செந்நிற விளக்கு பளிச்சென்று எரிந்து, வண்டி நேரானதும் அணைந்தது.

"பாத்தீங்களா? திரும்புறப்ப மட்டும்" என்றான் சவரிராயன்.

விளக்கு உண்மையாகவே எரிந்தது. அவளுடைய சந்தேகத்தில் பாதி அப்போதே சரிந்தது. மீதிப் பாதி அதிகமாக எரிந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தி பானட்டைத் தூக்கினார்கள்.

"இந்தச் சுவிட்சுலேர்ந்து போற ஒயர் இரும்புல பட்டாலும் வெளக்கு எரியும். ஆனா ஒயர் நல்லாத்தான் இருக்கு, மேலேர்ந்து பாத்துட்டேன். அப்ப எண்ணெய்தான் திரும்புறப்ப ஒரு பக்கமா ஒதுங்குது. கீழ இருக்குற எண்ணெய்த் தொட்டிய எறக்கணும். நாலஞ்சு நாள் வேலை."

"வாசல் ரூம் காலியாத்தானே இருக்கு? தினம் மன்னார்புரத்துலேர்ந்து அலைவானேன். இங்கேயே தங்கிண்டு பண்ணுங்கோ. சாப்பாட்டுக்கும் நான் பாத்துக்கறேன்."

அமலராணி எட்டிப் பார்த்தாள். அழுக்கு அப்பிய அதே குமிழ். அதிலிருந்து அதே ஒற்றை ஒயர். புருஷனைத் தடுக்கக் கட்டிய மாதா சுரூபமே, ஒவ்வொரு திருப்பத்திலும் ஆடி இரும்பைத் தொட்டு, அவனை இங்கே அழைத்துக்கொண்டிருக்கிறது.

சொன்னால் அவன் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவன் இந்த வீட்டில் தங்குவான். இரண்டையும் ஒரு பெண் நெஞ்சு எத்தனை நேரம் தாங்கும்? அவமானத்தைவிட அந்த வாசல் ரூம் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கையை உள்ளே விட்டாள். சூடான இரும்பு முழங்கையைச் சுட்டது. நூலை அறுத்து வெளியே எடுத்தாள். எண்ணெய் படிந்த மாதா அவள் உள்ளங்கையில் கிடந்தாள்.

கமலவல்லியின் கண்கள் கலங்கின.

"எங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நீங்க வேண்டிண்டு கட்டினேளா? நான் தனியா ஓட்டறேனேன்னா? எங்க மன்னிகூட எனக்கு இப்படிச் செஞ்சதில்லை." அவள் உள்ளே ஓடிப்போய் மஞ்சளும் எண்ணெயும் கொண்டுவந்து சுட்ட இடத்தில் தடவினாள்.

நல்லவளாகவும் இருக்கிறாளே என்பதுதான் அமலராணிக்கு அந்தக் காயத்தைவிட வலித்தது.

திரும்பும் பஸ் பாலம் தாண்டியதும் சவரிராயன் கேட்டான்.

"அவங்களுக்காகவா கட்டுன?"

"இல்ல."

"என் மேல நம்பிக்கை இல்லையா ராணி?"

"உங்கள நம்பாம இல்லங்க. அந்தக் குரலத்தான் நம்பல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்கும்போது மட்டும், "இனிமே அங்க போறதா இருந்தா நீயும் வா" என்றான்.

அவள் போனாள். ஒரு தடவைகூட விடவில்லை. மெல்ல மெல்ல எண்ணெய்க் குச்சியை உருவி அளவு பார்க்கவும், ஒயர் உரசும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டாள். மன்னார்புரத்தில் அவளைப் பெண் மெக்கானிக் என்றார்கள். புருஷனுக்குத் துணையாக நிற்கும் உத்தமி என்று மாதா கோயிலில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எதற்காகத் துணை நின்றாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

எண்பத்து நான்கில் கமலவல்லியின் கணவர் குடும்பத்தை மஸ்கட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஃபியட் வையம்பட்டிக்காரர் ஒருவருக்கு விலைபோனது. அதைக் கொடுக்கும் முன் கமலவல்லி ஷெட்டுக்கு வந்து அமலராணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சவரிராயனைப் பார்த்துக் கைகூப்பினாள். "போயிட்டு வரேன் மேஸ்திரி" என்றாள். அவ்வளவுதான்.

வண்டி மெயின் ரோட்டில் திரும்பி மறைந்தது. சவரிராயன் கையில் அழுக்குத் துணியோடு அப்படியே நின்றான்.

"சாப்பிட வாங்க."

"வரேன்."

வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரை நினைத்து நிற்கிறீர்கள் என்ற கேள்வி அமலராணியின் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வார்த்தை கேட்டால் போதும், இத்தனை வருட வேதனைக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும்.

ஆனால் சவரிராயனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் அவள் கேட்கவில்லை.