வாசிக்காத பாதி வசனம்

நவி மும்பை வாஷியில் மகள் வாங்கித் தந்த தோல்பையைத் திறந்ததும் பதனிட்ட தோலின் வாடை முகத்தில் அடித்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளில் அப்பா தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை அவர் விரலை விட்டுப் போகாது. சபையில் ஊழியம் செய்ய ஆசைப்பட்டு பைபிளில் மோசேயின் ஐந்து ஆகமங்களைப் படித்தார். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் மதியம் சாப்பிட வரும்போது நான் வாசிப்பேன், அவர் பக்கம் திருப்புவார்.

லேவியராகமத்தில், செத்த மிருகத்தைத் தொட்டவன் தீட்டு என்று வந்தது. எனக்குப் பத்து வயது. அங்கேயே நிறுத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்போ நீங்க தெனமும் தீட்டுதானப்பா" என்றேன். அடுப்பருகே அம்மா சிரித்துவிட்டாள்.

அப்பா வேதத்திலிருந்து கையை எடுத்து லுங்கியில் துடைத்தார். "இனி பக்கத்த நீயே திருப்பும்மா."

அந்தத் தீட்டு சாயங்காலம் வரைதான் என்று அதே வசனத்தில் இருந்தது. வாசித்தால் நான் பாதியில் நிறுத்தியது தெரிந்துவிடும். பிறகு 'சாயங்காலம் வரை' என்று வந்த இடத்தையெல்லாம் தாண்டியே வாசித்தேன். ஐந்தாவதான உபாகமம் முடியும்வரை அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே கேட்டார்.

"பை பிடிக்கலையாம்மா?" என்றாள் மகள்.

அவளிடமும் அந்த மீதி வசனத்தை நான் சொல்லவில்லை.