இருமரபு வளைவாய்ப் பெருவாள்

மலேசியாவின் லூனாஸ் வட்டாரத்தில் குழந்தைக்கும் கடைக்கும் பெயர் கேட்டு என்னிடமே வருவார்கள். கல்லூரியில் தமிழ் பயின்ற வாத்தியார் என்ற மதிப்பு. கொல்லர் ஒருவர், மலாய்ப் பாராங்கின் அகன்ற உடலும் நம் அரிவாளின் வளைந்த மூக்கும் கொண்ட புதுக் கத்தியோடு வந்தார். மூன்று நாள் சிந்தித்து, ‘இருமரபு வளைவாய்ப் பெருவாள்’ என்று பெயர் சூட்டினேன்.

“சார், இந்தப் பேர அடிக்கணும்னா கத்திய இன்னும் ரெண்டு அடி நீட்டணும்லா!”

ஓர் எழுத்தையும் குறைக்க மறுத்தேன். அவர் பெயரின்றியே விற்றார்.

அடுத்த மாதம் பட்டறையில், செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவர், “அண்ணே, வாத்தியார் கத்தி ஒண்ணு குடுங்க,” என்றார். அந்தப் பெயருக்குக் காரணம் கேட்டேன்.

“மூக்கு நீளம், தலைக்கனம் ஜாஸ்தி, சார்.”

நானும் ஒன்று வாங்கினேன். வீட்டில் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துத் தருவேன். மனைவி இன்றும் தேங்காயைப் படிக்கல்லில் அடித்தே உடைக்கிறார்.